சிட்டையை எப்போது கிழிக்கலாம்

கோயம்புத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு நீ ஃபோன் செய்தபோது அரைத் தூக்கத்தில் இருந்தேன். "ஸ்டாண்ட்பை சர்வரில் ஆர்க்கைவ் டிஸ்க் 92 சதவீதம் ஆகிவிட்டது பெரியம்மா. ஏழு நாளுக்கு மேல் பழசானதையெல்லாம் அழிக்க ஒரு க்ரான் போடச் சொல்கிறார்கள், போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாய். அந்த "ஏழு நாள்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தூக்கம் போய்விட்டது. "போடாதே. இப்போதைக்கு டிஸ்க்கை மட்டும் கூட்டிக் கேள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் 200 ஜிபி கூட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ மெசேஜ் அனுப்பிய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை ஃபோனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். எழுதிவைத்தால் டிஸ்க் மறுபடி நிறையும் ராத்திரியில் எடுத்துப் படிப்பாய். மறுபடி நிறையும், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஈரோட்டில் உன் அப்புச்சி நடத்திய மஞ்சள் மண்டியை நீ பார்த்ததில்லை. நீ பிறக்கும் முன்பே மூடியாகிவிட்டது. அங்கே இரண்டு வகை நோட்டு உண்டு. ஒன்று சிட்டை. யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார், என்ன விலை போயிற்று, எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்று நடக்க நடக்க, நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டே போவது. இன்னொன்று பேரேடு. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பக்கம், அவர் கணக்கு முழுக்க அதில். பகலில் கூட்டம் நெரியும்போது யாருடைய பேரேட்டுப் பக்கத்தையும் தேடிப் பிடித்து எழுத நேரம் இருக்காது. சிட்டையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், வியாபாரம் முடிந்தது என்று கை கொடுத்துவிடலாம். சாயங்காலம் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றியதும் சிட்டையில் அந்த வரிக்குப் பக்கத்தில் பேரேட்டுப் பக்க எண்ணை எழுதுவார்.

பக்கத்து கிட்டங்கி ஒன்று தீப்பிடித்த வருஷத்திலிருந்து அப்பா இன்னொரு ஏற்பாடும் செய்தார். சிட்டைக்கு அடியில் கார்பன் வைத்து எழுதி, நகல் தாள்களைத் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டில் அம்மா, அதாவது உன் அம்மாயி, அந்தத் தாள்களை வைத்து இரண்டாவது பேரேடு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தாள். மண்டிக்கு ஏதாவது ஆனால் மறுநாளே வீட்டுப் பேரேட்டை வைத்துக் கடையைத் திறந்துவிடலாம். ஏற்ற வேண்டிய தாள்களைச் சமையலறைச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பாள். கம்பி நிறைந்துவிட்டால் அடியில் இருப்பதை உருவ வேண்டும். அந்த வேலை எனக்கும் உன் அம்மாவுக்கும். ஆனால் அவள் ஏற்றி முடித்துப் பக்க எண் போடாத தாளை நாங்கள் தொடக்கூடாது. "அது எந்த மாசத்துத் தாளா வேணா இருக்கட்டும், நம்பர் இருக்குதான்னு பாரு" என்பாள். அவள் காய்ச்சலில் படுத்த ஒரு மாதம் கம்பி பிதுங்கி வழிந்தது. வீட்டுக்கு வந்த ஒரு அத்தை, பழைய குப்பை என்று உருவப் போனாள். அம்மா போர்வையோடு எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

நீ வேலை செய்யும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அப்பாவின் மண்டி மாதிரியேதான். அது எழுதும் டபிள்யூ ஏ எல் ஃபைல்கள், நாங்கள் வாயில் வந்தபடி "வால்" என்று சொல்வோமே, அவைதான் சிட்டை. டேபிள்களும் இன்டெக்ஸ்களும் பேரேடு. எந்த மாற்றமும் பேரேட்டுக்குப் போகும் முன்னால் சிட்டையில் ஏறிவிட வேண்டும். 'கமிட்' என்று பதில் வந்தால் சிட்டை வரி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். பேரேட்டில் ஏறுவது நிதானமாகப் பின்னால் நடக்கும். சிட்டை ஃபைல் ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி. உன் ஆஸ்பத்திரியின் பிரைமரி, அதாவது மண்டியாக இருக்கும் சர்வர், ஒவ்வொரு ஃபைல் நிறைந்ததும் அதன் நகலை ஸ்டாண்ட்பை மெஷினின் ஆர்க்கைவ் ஃபோல்டருக்கு அனுப்புகிறது. அதுதான் வீட்டுக்கு வரும் கார்பன் தாள். வீடாக இருக்கும் ஸ்டாண்ட்பை அதைப் படித்துத் தன் பேரேட்டில் ஏற்றுகிறது. உன் 500 ஜிபி டிஸ்க்கில் 92 சதவீதம் என்றால் ஏறக்குறைய 29,000 தாள். அத்தனையும் கம்பியில் தொங்குகிறது.

இதில் எது குப்பை, எது உயிர்? தேதி அதைச் சொல்லாது. ஏற்றியாகிவிட்டதா என்பதுதான் சொல்லும். அது தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள், அந்த ஸ்டாண்ட்பை. உன் டீம் லீடருக்குத் தெரியாது, க்ரானுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2012-ல் ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, நீ எழுதப் போன அதே வரியை நானே எழுதினேன். ஏழு நாளைத் தாண்டியதைத் தேடி அழி. பிரைமரி கோயம்புத்தூரில், ஸ்டாண்ட்பை சென்னையில், நடுவில் 2 எம்பிபிஎஸ் லைன். அந்த வருஷத்து மின்வெட்டு எப்படி இருந்தது என்று உன் அம்மாவைக் கேள். தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை சென்னையில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்து மெஷின் அணைந்தது. கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்துகொண்டது. போஸ்ட்கிரெஸ் எழவில்லை. மெஷின் எழும்போது அதையும் எழுப்பு என்று யாரும் அமைத்து வைக்கவில்லை. தாள்கள் மட்டும் கோவையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன. என் க்ரானும் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒழுங்காக ஓடியது. டிஸ்க் நிறையவே இல்லை. நாங்கள் கண்காணித்த இரண்டே விஷயங்கள், ஃபைல் வருகிறதா என்பதும் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதும். இரண்டும் பச்சை. ஏற்ற வேண்டிய ஆள் படுத்துக் கிடந்தது, வந்த தாள்களை நான் ஒருபக்கம் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

பதினோரு நாள் கழித்து, திங்கட்கிழமை, வேறு எதற்கோ உள்ளே போனவர் சொல்லித்தான் தெரிந்தது. சர்வீஸைக் கிளப்பினேன். அது எழுந்து, தான் நிறுத்திய இடத்தில் அடுத்த ஃபைலைக் கேட்டது. இல்லை. மறுபடி கேட்டது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அதே பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த லாக் வரியைப் பார்த்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. முதல் மூன்று நாள் தாள்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த எட்டு நாள் தாள்களும் அப்படியே இருந்தன, ஒன்றுக்கும் உதவாமல். சிட்டையில் நடுவில் ஒரு பக்கம் போனால் அதற்குப் பிந்தைய பக்கங்களை ஏற்ற முடியாது. வரிசை அறுந்தால் அறுந்ததுதான்.

ஸ்டாண்ட்பையை முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. டேட்டாபேஸ் 240 ஜிபி. அந்த லைனில் அனுப்பினால் பதினோரு நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. கடைசியில் டேட்டாபேஸின் முழு நகலான பேஸ் பேக்கப்பை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, நானே சேரன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஜோலார்பேட்டை தாண்டியும் கண் மூடவில்லை. பிரைமரிக்கு அந்த நாள்களில் ஒன்றும் ஆகவில்லை, ஒரு பைட்டும் தொலையவில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வியாழனிலிருந்து நான் சென்னையில் போய் இறங்கும்வரை அந்த நிறுவனத்துக்கு ஸ்டாண்ட்பை என்று ஒன்று இல்லவே இல்லை, இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. சரியான கருவி அப்போதே இருந்தது. 9.0-விலேயே, 2010-ல், வந்துவிட்டது. நான் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அந்தக் கருவிக்குப் பெயர் பிஜி_ஆர்க்கைவ்கிளீனப். ஸ்டாண்ட்பையின் அமைப்பில் ஆர்க்கைவ்_கிளீனப்_கமாண்ட் என்று ஒரு வரி உண்டு. அதில் இந்தக் கருவியையும், ஃபோல்டர் பாதையையும், கடைசியில் சதவீதக் குறி போட்டு ஆர் என்ற எழுத்தையும் எழுதவேண்டும். அந்தக் கடைசித் துண்டில்தான் விஷயமே இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்டாண்ட்பை தானாகவே ஒரு ஃபைல் பெயரை நிரப்பிக் கொடுக்கும். "இதிலிருந்து எனக்கு வேண்டும், இதற்கு முந்தையது வேண்டாம்" என்று அது தன் வாயால் சொல்வது அதுதான். கருவி தேதியைப் பார்ப்பதே இல்லை, பெயரைத்தான் பார்க்கிறது. சிட்டை ஃபைலின் பெயர் 24 எழுத்து நீளம், பதினாறின் அடிமான எண்கள். முதல் எட்டு டைம்லைன், மீதி வரிசை எண். அந்த வரிசை எண்ணில் முந்தியதை மட்டும் எடுக்கும். ஃபைல் தேதியை நம்பவே முடியாது, கண்ணு. யாராவது ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு அலட்சியமாக காப்பி செய்தால் போதும், மூன்று மாதத் தாளுக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும். பெயர் மாறாது.

நீ கேட்கக்கூடிய ஒரு கேள்வி: ஸ்டாண்ட்பை ஒரு ஃபைலை ஏற்றி முடித்த உடனேயே அதை அழித்துவிடலாமே, ஏன் காத்திருக்க வேண்டும்? அம்மா பேரேட்டில் முதலில் பென்சிலால்தான் எழுதுவாள். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து ஒத்துவந்தால் மையால் எழுதுவாள், அதன் பிறகுதான் தாளில் எண் போடுவாள். நடுவில் தண்ணீர் கொட்டிப் பென்சில் அழிந்தால் தாள் வேண்டும் அல்லவா? ஸ்டாண்ட்பை ஏற்றும்போது மாற்றம் முதலில் மெமரியில்தான் விழுகிறது. மெமரி பென்சில், டிஸ்க் மை. எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கி, "இதுவரை மை" என்று குறித்துக்கொள்ளும் இடத்துக்கு ரீஸ்டார்ட்பாயின்ட் என்று பெயர். நடுவில் மெஷின் விழுந்தால், எழுந்ததும் அங்கே இருந்துதான் மறுபடி படிக்க ஆரம்பிக்கும், கடைசியாக ஏற்றிய இடத்திலிருந்து அல்ல. அதனால்தான் ஏற்றியாகிவிட்ட ஃபைல்களிலும் கடைசிச் சில இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். கிளீனப் கமாண்ட் ஓடுவதும் ஒவ்வொரு ரீஸ்டார்ட்பாயின்ட்டின்போதுதான். ஸ்டாண்ட்பை தன் இஷ்டத்துக்கு ரீஸ்டார்ட்பாயின்ட் போடவும் முடியாது. பிரைமரி தன் பேரேட்டை மையாக்கிக் குறித்துக்கொள்ளும் செக்பாயின்ட்டின் தடம் சிட்டையில் வந்த இடத்தில்தான் போடமுடியும். அதனால் ஃபைல் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் கம்பியில் தொங்குவதைப் பார்த்துப் பதறாதே.

இப்போது உன் 29,000 தாளுக்கு வருகிறேன். இத்தனை சேர்ந்ததற்கு இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, அந்தக் கிளீனப் வரியை யாரும் எழுதவே இல்லை, அல்லது எழுதியும் வேலை செய்யவில்லை. மற்றொன்று, ஸ்டாண்ட்பை எங்கேயோ நின்றுவிட்டது. டிஸ்க்கைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது என்றால் அழிப்பது சரி. இரண்டாவது என்றால் அழிப்பது அடிமடியிலேயே கை வைப்பது. பிரித்துப் பார்க்காமல் ஒரு ஃபைலைக்கூடத் தொடாதே.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஸ்டாண்ட்பை மெஷினில் பிஜி_கன்ட்ரோல்டேட்டா என்ற கட்டளையை ஓட்டு. அது எதையும் மாற்றாது, படித்து மட்டும் காட்டும். அதில் கடைசிச் செக்பாயின்ட்டின் ரீடூ வால் ஃபைல் என்று ஒரு பெயர் வரும். ஸ்டாண்ட்பையில் அது கடைசி ரீஸ்டார்ட்பாயின்ட்டைக் குறிக்கிறது. கீழே அதன் நேரமும் இருக்கும். அந்தப் பெயரை ஃபோல்டரின் ஆகக் கடைசி ஃபைல் பெயரோடு ஒப்பிடு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஸ்டாண்ட்பை ஆரோக்கியமாக ஓடுகிறது, குப்பையை வார ஆள் இல்லை, அவ்வளவுதான். வெகு தூரம் பின்னால் இருந்தால் எங்கோ நின்றிருக்கிறது.

நின்றிருந்தால் ஏன் என்று தேடு. என் அனுபவத்தில் சில காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். யாரோ ரீப்ளேயை, அதாவது ஏற்றும் வேலையை, பாஸ் செய்து எதையோ சோதித்துவிட்டு மறந்து போயிருப்பார்கள். அல்லது வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஏற்றும்படி அமைத்திருப்பார்கள், யாராவது தவறி டேபிளை அழித்துவிட்டால் மீட்க வசதியாக. அது நோய் அல்ல, ஏற்பாடு. அல்லது ஸ்டாண்ட்பையில் மாதாந்திர ரிப்போர்ட் ஏதாவது ஓடும். சாதாரணமாக, ஏற்றும் வேலைக்கு ஒரு குவெரி குறுக்கே நின்றால் போஸ்ட்கிரெஸ் 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் குவெரியை நிறுத்திவிடும். ரிப்போர்ட் அறுந்துபோகிறது என்று புகார் வந்ததும் யாராவது அந்தப் பொறுமையை எல்லையில்லாததாக மாற்றி வைத்திருப்பார்கள். அப்புறம் முடிக்காமல் விட்ட ஒரே ஒரு குவெரி போதும், ஸ்டாண்ட்பை நாள் கணக்கில் அசையாமல் காத்திருக்கும். உங்கள் ஆஸ்பத்திரியில் பில்லிங் ரிப்போர்ட் ஸ்டாண்ட்பையில்தான் எடுக்கிறார்கள் என்று நீ ஒருமுறை சொன்ன ஞாபகம். முதலில் அதைப் பார்.

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று உறுதியானால், கன்ட்ரோல்டேட்டா கொடுத்த அந்தப் பெயரை வைத்து பிஜி_ஆர்க்கைவ்கிளீனப்பை முதலில் 'என்' என்ற எழுத்துத் தெரிவோடு ஓட்டு. அழிக்காது, அழிக்கப் போவதன் பட்டியலை மட்டும் கொடுக்கும். பட்டியலில் வரிசை எண் ஆகப் பெரிய பெயரும் உன் பெயருக்கு முந்தையதுதானா என்று கண்ணால் பார். பிறகு தெரிவை எடுத்துவிட்டு ஓட்டு. அதற்குப் பிறகு கிளீனப் வரியை அமைப்பில் நிரந்தரமாகச் சேர். 12-ஆம் பதிப்பிலிருந்து அது சாதாரண அமைப்பு ஃபைலிலேயே இருக்கிறது, முன்பு இருந்த தனி ரெக்கவரி ஃபைலைத் தேடாதே.

வரி ஏற்கெனவே இருந்து, வேலை செய்யாமல் போயிருந்தால்? இது ரொம்ப சாதாரணம். அந்தக் கமாண்ட் தோற்றால் போஸ்ட்கிரெஸ் நிற்காது, லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நான் பார்த்ததில் பாதி, பதிப்பை உயர்த்தியபோது நடந்தவை. கருவியின் முழுப் பாதையில் பதிப்பு எண் இருக்கும். 13-லிருந்து 16-க்குப் போய், பழையதை நீக்கியதும் அந்தப் பாதையில் ஒன்றுமே இருக்காது. வரி மட்டும் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று இன்னும் மோசம், எச்சரிக்கைகூட வராது. இடத்தை மிச்சம் பிடிக்க யாராவது ஃபைல்களை அமுக்கி ஜிஇசட் என்ற பின்னொட்டைச் சேர்த்து வைத்திருந்தால், கருவிக்கு அவை சிட்டை ஃபைலாகவே தெரியாது. தாண்டிப் போய்விடும். எக்ஸ் தெரிவில் அந்தப் பின்னொட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கையை வைக்கும் முன் உன் சீனியர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுவிடு. அந்த ஃபோல்டரை இன்னொரு ஸ்டாண்ட்பையும் படிக்கிறதா? அப்படியென்றால் ஒன்று தனக்கு வேண்டாம் என்று அழிப்பது மற்றொன்றுக்கு அன்றைக்கு வேண்டிய தாளாக இருக்கும். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டும். அதே தாள்களை வைத்துத்தான் பேக்கப்பையும் மீட்கப் போகிறார்களா? அப்படியென்றால் ஸ்டாண்ட்பைக்கு வேண்டாம் என்பது மட்டும் போதாது. வைத்திருக்கும் ஆகப் பழைய பேஸ் பேக்கப் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு தாள்கூடக் குறையக்கூடாது. அந்த வேலையை பார்மன் மாதிரி ஒரு பேக்கப் கருவியிடம் தனியாக ஒப்படைத்துவிடுவதுதான் நல்லது. ஒரே ஃபோல்டரை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளும் சிக்கனம் எனக்குப் பிடிக்காது.

இதெல்லாம் ஆர்க்கைவ் ஃபோல்டரைப் பற்றி. டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும் பிஜி_வால் வேறு. அதில் எந்தக் காரணத்துக்காகவும் கையால் எதையும் அழிக்காதே. 10-ஆம் பதிப்பு வரும்வரை அதற்கு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். லாக் என்ற சொல்லைப் பார்த்ததும், இது வெறும் லாக் ஃபைல், இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டு டேட்டாபேஸையே இழந்தவர்கள் ஏராளம். அந்தக் கொடுமையை நிறுத்தத்தான் 2017-ல் பெயரையே மாற்றினார்கள். ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எத்தனையோ பேருடைய ஸ்கிரிப்ட் உடையும் என்று தெரிந்தே மாற்றினார்கள் என்றால், எத்தனை பேர் அழிந்திருப்பார்கள் என்று யோசி.

உன் ஸ்டாண்ட்பை டிஸ்க் நிறைந்தால் ஸ்டாண்ட்பையோடு போகும் என்று நினைக்காதே. பிரைமரி அனுப்பும் நகலுக்கு அங்கே இடம் இல்லை என்றால் அனுப்புவது தோற்கும். தோற்றதை பிரைமரி கிழிக்காது, போய்ச் சேரும்வரை தன்னிடமே சேர்த்துக்கொண்டே இருக்கும். கடைசியில் அதன் டிஸ்க்கும் நிறைந்து அதுவே நின்றுவிடும். ஐசியூவில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஒரு டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கம்பி நிறைந்த காரணத்துக்காகத் திரை உறைந்துபோகும். ரெப்ளிகேஷன் ஸ்லாட் வைத்திருந்தாலும் இதே கதை. 9.4-ல் வந்தது அது. ஸ்டாண்ட்பை இன்னும் படிக்காததை பிரைமரி அழிக்காமல் காத்து வைக்கும். நல்ல ஏற்பாடு, என்னை 2012-ல் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஸ்டாண்ட்பை போய் ஒழிந்த பிறகும் ஸ்லாட் இருந்தால் அதற்காகக் காலமெல்லாம் சேர்த்து வைக்கும். 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு மேல்வரம்பு வைக்கலாம். வரம்பு தாண்டினால் ஸ்டாண்ட்பையை விட்டுவிட்டு பிரைமரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். வைக்காவிட்டால் வரம்பே கிடையாது என்பதுதான் இயல்பு. ஆஸ்பத்திரியில் நான் அவசியம் வைப்பேன். ஸ்டாண்ட்பையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

திரும்பக் கட்டும்போது நிதானமாகச் செய். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் படித்திருக்கிறாயா? திடீரென்று பளு கூடி ஸ்டாண்ட்பை பின்தங்கியது. அதற்கு வேண்டிய சிட்டை ஃபைல்களை பிரைமரி அதற்குள் நீக்கிவிட்டது. ஆர்க்கைவ் என்று ஒன்று வைத்திருக்கவில்லை. அதனால் ஸ்டாண்ட்பையைக் காலி செய்து புதிதாகக் கட்ட உட்கார்ந்தார்கள். ராத்திரி நேரம், நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒரு இன்ஜினியர், ஸ்டாண்ட்பையின் டேட்டா டைரக்டரியை அழிக்கிறேன் என்று பிரைமரியில் இருந்துகொண்டு அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் என்று நம்பிய டம்ப், பதிப்புப் பொருந்தாமல் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கை கொடுத்தது. அந்த ஆறு மணி நேர டேட்டா போயிற்று, ஏறக்குறைய 5,000 ப்ராஜெக்ட்டும் 700 புதுக் கணக்குகளும் அதில் அடக்கம். அவர்கள் எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை நேரலையிலேயே காட்டி, நடந்ததை வரிவரியாக எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. எல்லோரும் அந்த ஒரு தவறான கட்டளையைத்தான் பேசுவார்கள். நான் படிக்கும்போதெல்லாம் என் கண் அதற்கு முந்தைய இடத்தில்தான் நிற்கும். ஏற்றாத தாள் போய்விட்டது, அதனால்தான் அந்த ராத்திரியே வந்தது.

கண்காணிப்பை உடனே மாற்று. டிஸ்க் சதவீதத்துக்கு அலாரம் வைத்தது சரிதான், ஆனால் என் க்ரான் ஓடிய பதினோரு நாளும் அந்த அலாரம் வாயைத் திறக்கவில்லை. ஸ்டாண்ட்பை கடைசியாக எதை வாங்கியது, எதுவரை ஏற்றியது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதற்கு அலாரம் வை. கடைசி ரீஸ்டார்ட்பாயின்ட் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசானால் ஒரு அலாரம். கடைசியாக ஏற்றிய பரிவர்த்தனையின் நேரத்தை மட்டும் நம்பாதே. ராத்திரி மூன்று மணிக்கு பிரைமரியில் யாரும் எதுவும் எழுதாதபோது அது பின்தங்குவது போல் காட்டி வீணாக எழுப்பும். வீணாக நாலு தரம் எழுந்தவள் ஐந்தாவது தரம் எழமாட்டாள்.

உன் டீம் லீடரிடம் கோபப்படாதே. ஏழு நாள் என்று அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அந்தத் தீபாவளி வரைக்கும். அவரை உட்காரவைத்து பிஜி_கன்ட்ரோல்டேட்டா காட்டு. பெயரைப் பார்த்தால் அவரே புரிந்துகொள்வார்.

போன மாதம் ஈரோட்டு வீட்டை ஒழித்தபோது அட்டாலியில் அம்மாவின் கம்பி கிடைத்தது. பன்னிரண்டு தாள் இன்னும் அதில் குத்தியபடியே இருக்கிறது, ஒன்றிலும் பக்க எண் இல்லை. மண்டி மூடிய வாரத்தின் தாள்கள். உன் அம்மா வேண்டாம் என்றாள், நான் எடுத்து வந்துவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது பார், அப்பாவின் கையெழுத்து மங்காமல் இருக்கிறது.

நாளைக்கு வேலைக்குப் போனதும் முதலில் அந்த ரீடூ ஃபைலின் பெயரையும், ஃபோல்டரின் கடைசி ஃபைல் பெயரையும் எனக்கு அனுப்பு. இரண்டையும் பார்த்துவிட்டு நான் சொல்லும்வரை எதையும் அழிக்காதே. எந்நேரமானாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா